மொழி கற்பதும் நிய்யத்தும்

செயலைக் கண்டு மனிதனை எடைபோடுவது உலக வழக்கு. அச்செயலுக்குப் பின்னே நின்ற எண்ணத்தை எடைபோடுபவன் இறைவன் ஒருவனே. செயல்கள் யாவும் எண்ணத்தைப் பொறுத்தே அமைகின்றன என்னும் கருத்துடைய நபிமொழியைத்தான் இமாம் புகாரி அவர்கள் தம் தொகுப்பின் தலைவாசலில் வைத்தார்கள். தொழுகைக்கு நிய்யத்து வைக்கிறோம், நோன்புக்கு வைக்கிறோம். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, விண்ணப்பத் தாளில் ‘மொழிப்பாடம்’ என்ற கட்டத்தை நிரப்பும்போது, அதற்கும் ஒரு நிய்யத்து உண்டென்று நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா?

இக்கேள்வி நம் உள்ளத்தில் தானாக எழுந்ததன்று. ஒரு சிறுமி எழுப்பியது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்துப் பின்னர்ச் சொந்தமாகச் சிறு பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் நமக்குத் தம்பி முறை. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற தம் மகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் மாலை சேலத்திலுள்ள நம் இல்லத்திற்கு வந்தார். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கச் சென்ற இடத்தில், “தமிழ் வேண்டாம், பிரெஞ்சு எடுக்கச் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாக முதலிலிருந்து சொல்லித் தருவோம். மனப்பாடச் செய்யுள் இல்லை, கட்டுரை இல்லை. மதிப்பெண் அள்ளலாம். மிஞ்சும் நேரத்தில் இயற்பியல் படிக்கட்டும்” என்று கூறினார்களாம். தந்தைக்கு அது நியாயமாகவே பட்டது. மகளோ பிடி கொடுக்கவில்லை.

“அயல்மொழி படிக்கிறதுன்னா ஒழுங்காப் படிக்கணும் பெரியத்தா. எனக்கு ஸ்பானிஷ் படிக்கணும். அதிலே ‘ஓஹலா’ன்னு ஒரு சொல் இருக்கு. அப்படி நடந்தா நல்லாயிருக்குமேன்னு ஆசைப்பட்டுச் சொல்ற சொல். அதுக்குள்ளே அல்லாஹ் பேரு இருக்கு, தெரியுமா?” என்றாள் அவள்.

“சொல்லுக்குள்ளே என்ன இருந்தால் என்னம்மா? மார்க்கு இருக்கா? அதைச் சொல்லு” என்றார் தந்தை. “அண்ணே, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க” என்று நம் பக்கமும் திரும்பினார்.

அன்றிரவு நம்மால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. இக்கட்டுரை அன்று சொல்லாமல் விட்ட விடை.

முதலில் தந்தையின் பக்கம் நின்று பார்ப்போம். ஏழையின் கவலையை எள்ளி நகையாடுவது அறமாகாது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாமக்கல், கோழிப் பண்ணைக்கும் லாரித் தொழிலுக்கும் எவ்வளவு பெயர் பெற்றதோ அவ்வளவுக்கு விடுதியுடன் கூடிய மேல்நிலைப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் பெற்றோர் தம் மக்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தனர். நிலத்தை அடகு வைத்தவர் உண்டு. கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் உண்டு. அவர்கள் வாங்க விரும்பிய பொருள் ஒன்றே: மதிப்பெண்.

இதில் வியப்பு ஒன்றுண்டு. 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் தமிழகத்தில் பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் மாநில நுழைவுத் தேர்வு நீங்கியது. மேல்நிலைத் தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் பெற்ற மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் தேர்வு வந்துவிட்டது. ஆகவே மொழிப்பாடத்தில் பெறும் மதிப்பெண் இவ்விரு கல்லூரிகளின் கதவையும் திறப்பதில்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் 2017-இல் நின்றுபோயிற்று. அவ்வாறாயின் பிரெஞ்சில் அள்ளும் மதிப்பெண் எதை வாங்கித் தருகிறது? மொத்தக் கூட்டுத்தொகையின் அழகை வாங்கித் தருகிறது. பேருந்து நிலையத்து விளம்பரப் பலகையில் படத்தை வாங்கித் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நேரத்தை வாங்கித் தருகிறது. மொழிக்குச் செலவிட வேண்டிய நேரம் மிச்சமாகி மற்றப் பாடங்களுக்குப் போகிறது. மொழியைக் கற்காமலிருப்பதற்காகவே ஒரு மொழி தேர்ந்தெடுக்கப்படுகிறது என்றால் அது மிகையாகாது.

2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015–16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. மேல்நிலை வகுப்புகள் அதன் எல்லைக்கு அப்பால் நிற்கின்றன. அங்கே மாணவன் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சையோ, சமஸ்கிருதத்தையோ, அரபியையோ, உருதுவையோ எடுக்கலாம். இந்த உரிமையை நாம் குறை கூறவில்லை. வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் சேலத்தில் பல உண்டு. அவர்தம் பிள்ளைகள் தாய்மொழியைக் கற்பது நீதி. நாம் கேட்பது வேறு. பத்தாண்டு தமிழ் கற்று, செய்யுளின் சுவை புரியத் தொடங்கும் பருவத்தில், அதை விட்டுவிட்டு இன்னொரு மொழியின் அரிச்சுவடிக்குத் திரும்புகிறானே மாணவன், அவன் அந்த இரண்டாம் மொழியிலேனும் உள்ளே நுழைகிறானா? இரண்டாண்டு முடிந்ததும் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடுகிறான். பதினெட்டு வயதில் அவன் கையில் இருப்பவை இரண்டு வாசல்படிகள். வீடு ஒன்றுகூட இல்லை.

பயன் கருதி மொழி கற்பது இழிவு என்று நாம் கூற வந்ததாக அன்பர்கள் எண்ணிவிடக் கூடாது. பெருமானார் (ஸல்) அவர்கள், இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். தமக்கு வரும் மடல்களைப் படித்துக் காட்டவும், தாம் அனுப்பும் மடல்களை எழுதவும் பிறர் கையை நம்பியிராத நிலை வேண்டும் என்பது நோக்கம். ஸைத் அவர்கள் அரைத் திங்களுக்குள் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் காணப்படும் அறிவிப்புக் கூறுகிறது. அது முழுக்க முழுக்கப் பயன் கருதிய கல்வி. ஆனால் உற்று நோக்குங்கள்: அந்தப் பயன் நிறைவேற வேண்டுமானால் மொழி உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். ஒரு சொல்லைத் தவறாகப் படித்தாலும் உடன்படிக்கை பிறழும். மதிப்பெண்ணுக்காகக் கற்கும் கல்வியில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே மொழி தெரிந்திருக்க வேண்டுவதில்லை. தெரிந்ததாகத் தாளில் தோன்றினால் போதும். வாணிகத்திற்காக மலாய் கற்ற நம் முன்னோரும், வேலைக்காக வளைகுடா அரபி கற்ற நம் தம்பிமாரும் முதல் வகையினர். இவர்கள் கல்வி சிறிதாயினும் உண்மையானது. இரண்டாம் வகையில்தான் நம் மனம் உறுத்துகிறது.

எனவே, ஆழ்ந்து கற்பதே அறம், மேலோட்டமாகக் கற்பது பிழை என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசர முடிவே. அச்சிறுமி கற்க விரும்பிய ஸ்பானிய மொழியின் வரலாறே அதற்குச் சான்று. அவ்வரலாறு நம் வரலாறும்கூட.

கி.பி. 711-இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து ஸ்பெயினில் இறங்கியதும், கிரனாடா நகர் 1492-இல் வீழ்ந்ததும் நம் இல்லங்களில் அறியாதார் இலர். இடைப்பட்ட ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளில் அந்நாட்டு மக்களின் நாவில் அரபி குடிபுகுந்தது. சர்க்கரையை அவர்கள் ‘அஸூகார்’ என்கிறார்கள், அரபியில் அஸ்ஸுக்கர். பருத்தி ‘அல்கோதோன்’, அரபியில் அல்குத்ன். எண்ணெய் ‘அசெய்த்தே’, அரபியில் அஸ்ஸைத். நகராட்சித் தலைவர் ‘அல்கால்தே’. அவர் பண்டைய அல்காளியின் பெயரைத் தாங்கியவர். பெரிய ஆறு என்று பொருள்படும் அல்வாதில் கபீர், இன்றும் குவாதல்கிவிர் என்ற பெயரோடு செவில் நகர் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. காவிரி வாய்க்காலால் வாழும் பரமத்தி வேலூர்க்காரர்களுக்கு இன்னுமொரு சொல்: பாசன வாய்க்கால் அங்கே ‘அசேக்கியா’, அரபியின் அஸ்ஸாகியா. வாலென்சியா நகரில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்கும் உழவர் நீதிமன்றம் வியாழக்கிழமை தோறும் பெரிய தேவாலயத்தின் வாசலில் கூடுகிறது. அவ்வழக்கம் முஸ்லிம்கள் காலத்திலிருந்து வருவதென்பது மரபு. 2009-இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

சிறுமி கூறிய ‘ஓஹலா’வும் அவ்வாறு வந்ததே. ‘அல்லாஹ் நாடினால்’ என்னும் பொருளுடைய அந்தலூஸிய அரபித் தொடர் தேய்ந்து அச்சொல்லாயிற்று. மெக்சிகோவிலும் பெருவிலும் உள்ள கிறித்தவத் தாய், பிள்ளை நலமாகத் திரும்ப வேண்டுமென்று ஏங்கும்போது, தான் அறியாமலே அத்திருப்பெயரைச் சொல்லி ஏங்குகிறாள்.

தமிழுக்கும் அம்மொழிக்கும் உறவே இல்லை என்று எண்ண வேண்டாம். ஆரஞ்சுப் பழத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ‘நாரன்ஹா’. அது அரபி வழியாகவும் பாரசீகம் வழியாகவும் வடமொழி வழியாகவும் பின்னோக்கிச் சென்றால் நம் நாரத்தையின் உறவில் முடிவதாக மொழிநூலார் பலர் கருதுவர். சேலத்து மாங்காயின் பெயரே போர்த்துகீசியர் வாய்வழிச் சென்று அங்கே ‘மாங்கோ’ ஆயிற்று. மாற்றாக, நம் குழம்பில் கிடக்கும் மிளகாயும் தக்காளியும், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரக் காடுகளில் விளைந்து சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு வரும் மரவள்ளியும் தென்னமெரிக்க, நடு அமெரிக்க மண்ணிலிருந்து ஐபீரியக் கப்பல்கள் வழியே உலகெங்கும் பரவியவை. உலகம் நாம் நினைப்பதைவிடச் சிறிது.

ஆயினும் இவ்வினிய பட்டியலோடு நின்றுவிட்டால் நாமும் அரிச்சுவடி மாணவரே. கிரனாடா வீழ்ந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1505-இல், பேத்ரோ தெ அல்காலா என்னும் துறவி அரபி மொழிக்கு இலக்கண நூலொன்றும் அகராதியொன்றும் அச்சிட்டு வெளியிட்டார். கிரனாடாவின் மக்கள் பேசிய அரபியைச் சொல் சொல்லாகக் கேட்டு எழுதிய அரிய உழைப்பு அது. அந்தலூஸிய அரபி எவ்வாறு ஒலித்தது என்பதை இன்றைய அறிஞர்கள் அறிவதற்கு அந்நூல்கள் பேருதவி புரிகின்றன. ஆனால் அவை எழுதப்பட்ட நோக்கம் என்ன? வென்ற நாட்டு முஸ்லிம்களை மதம் மாற்றும் பாதிரியாருக்குக் கருவியாக அமைய வேண்டும் என்பதே. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்த்தான் அதே நகரில் அரபி நூல்கள் தீயிலிடப்பட்டிருந்தன. 1567-இல் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை வந்தது: மூன்றாண்டுகளுக்குள் அனைவரும் காஸ்தீலிய மொழி கற்றாக வேண்டும், அதன்பின் அரபியில் பேசுவதும் படிப்பதும் எழுதுவதும், வீட்டுக்குள்ளாயினும் வெளியிலாயினும், குற்றம். மொழியை மிக ஆழமாகக் கற்ற ஒருவரின் கல்வி, அம்மொழியைப் பேசுவோரை வசப்படுத்தும் கருவியாக முடிந்தது. ஆழம் மட்டும் அறமாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதே ஸ்பெயின் மண்ணில் இன்னொரு மாணவரும் இருந்தார். இத்தாலியின் கிரெமோனா ஊரைச் சேர்ந்த ஜெரார்து என்பவர். தாலமியின் வானநூல் லத்தீனில் கிடைக்காமல், அது அரபியில் இருப்பதறிந்து தொலேதோ நகருக்கு வந்தார். 1085-இல் கிறித்தவ அரசின் கைக்கு மாறிவிட்ட அந்நகரில் அரபி நூல்கள் குவிந்து கிடந்தன. தேடி வந்தது ஒரு நூல். கண்டது ஒரு கடல். அரபி கற்றார். ஊர் திரும்பவில்லை. 1187-இல் இறக்குமுன் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனில் பெயர்த்தார். இப்னு ஸீனாவின் மருத்துவப் பெருநூலும் அவற்றுள் ஒன்று. அதே வழியில் 1251-இல் ‘கலீலா வ திம்னா’ அரபியிலிருந்து காஸ்தீலிய மொழிக்குச் சென்றது. நம் பஞ்சதந்திரக் கதைகள்தாம் அவை. பாரசீகம் போய், அரபி போய், ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தன.

துறவி அல்காலாவும் கற்றார், ஜெரார்தும் கற்றார். இருவர் உழைப்பும் ஒன்றே; நிய்யத்து வேறு. முன்னவர் பேசுவதற்காகக் கற்றார்; பின்னவர் கேட்பதற்காகக் கற்றார். நம் காலத்து மதிப்பெண் மாணவனோ பேசவும் கற்பதில்லை, கேட்கவும் கற்பதில்லை. மொழி கற்பதில் மூவகை எண்ணங்கள் உண்டென்று இதிலிருந்து நாம் தெளியலாம்: கடந்து போவதற்குக் கற்பது, ஆட்கொள்வதற்குக் கற்பது, செவிமடுப்பதற்குக் கற்பது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். “நம்மவரைத் துரத்திய மொழியை நம் பிள்ளைகள் ஏன் செவிமடுக்க வேண்டும்?” 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள், முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் என்பதற்காகவே ஸ்பெயினைவிட்டு வெளியேற்றப்பட்டனர். இன்றும் அந்நாட்டுக் காவல் புனிதரின் சிலைகள் சில, ‘மூர்களைக் கொன்றவர்’ என்ற பட்டத்தோடு குதிரையின் காலடியில் வீழ்ந்த தலைப்பாகைக்காரரைக் காட்டுகின்றன. நம் ஊர்க் கத்தோலிக்க அன்பர்கள் சந்தியாகப்பர் என்று அன்போடு அழைக்கும் அதே புனிதர்தாம் அவர். அம்மொழியை உயர்நிலையில் கற்கும் முஸ்லிம் மாணவி, இவற்றையெல்லாம் சந்தித்தே ஆக வேண்டும். அரிச்சுவடியில் வணக்கமும் வழிகேட்பதும் மட்டுமே வரும். உயர்நிலையிலோ தன்னைப் பற்றி அம்மொழி சொன்ன வசைகளும் வரும்.

இவ்வையத்திற்கு விடை கூறத் தகுதியுடையோர் துரத்தப்பட்டவர்களே. அவர்கள் என்ன செய்தார்கள்? அரகோன் நாட்டு முஸ்லிம்கள் தலைமுறைகள் கழிந்து அரபி பேசும் ஆற்றலை இழந்தனர். அவர்கள் தம் மார்க்க நூல்களையும் நபிமார் கதைகளையும் ஸ்பானிய மொழியிலேயே, அரபி எழுத்தில் எழுதினர். அல்ஹமியாதோ என்று அதற்குப் பெயர். 1884-இல் அல்மோனாசித் தெ லா சியெர்ரா என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, தளத்திற்கு அடியில் மறைத்து வைக்கப்பட்டிருந்த அத்தகைய கையெழுத்துச் சுவடிகள் வெளிப்பட்டன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதியதை, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸாஹிப் (1816–1898) அவர்களின் நூல்களைப் பாட்டிமார் ஓதியதை அறிந்த நமக்கு இச்செய்தி அந்நியமாகுமா? கடல்கள் பல கடந்து, ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள் ஒரே செயலைச் செய்திருக்கிறார்கள்: வாழும் மண்ணின் மொழியைத் தன் மார்க்கத்தின் எழுத்தில் பொதிந்து வைத்தார்கள். தம்மை ஒடுக்கியவரின் மொழியைத் தம் தாய்மொழியாகவே அவர்கள் கருதினர்.

1567-ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்னும் முதியவர் கிரனாடா நீதிமன்றத் தலைவருக்கு முறையீடு எழுதினார். மொழி வேறு, சமயம் வேறு. மால்டாவிலும் ஜெருசலத்திலும் உள்ள கிறித்தவர்கள் அரபிதானே பேசுகிறார்கள் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அம்முறையீடு செவியேறவில்லை. ஆனால் அவ்வாதம் அன்றைக்குப் போலவே இன்றைக்கும் உண்மை. அரபி பேசுவதால் ஒருவர் முஸ்லிமாவதில்லை. ஸ்பானியம் பேசுவதால் ஒருவர் நம் பகைவராவதுமில்லை. மொழிக்குக் குற்றம் இல்லை. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை (30:22) எண்ணுகிறது. அத்தாட்சியைப் பகைக்க நமக்கு ஏது உரிமை?

ஆழ்ந்து சென்றவருக்குக் கிட்டும் பரிசும் ஒன்றுண்டு. ஸ்பானிய இலக்கியத்தின் தலைமணியாகக் கருதப்படும் ‘தொன் கிஹோத்தே’யை எழுதிய செர்வாந்தெஸ், 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் முஸ்லிம்களிடம் சிறைப்பட்டிருந்தவர். பகைமை கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. ஆயினும் தம் பெருநூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கற்பனை செய்கிறார்: இக்கதை தாம் எழுதியதன்று, தொலேதோ கடைத்தெருவில் கிடைத்த அரபிச் சுவடி, சீதே ஹமேத்தே பெனென்ஹேலி என்னும் முஸ்லிம் வரலாற்றாசிரியர் எழுதியது, உலர்ந்த திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெற்று ஒரு மொரிஸ்கோ அதைப் பெயர்த்துத் தந்தான் என்கிறார். 1615-இல் வெளியான இரண்டாம் பாகத்தில், நாடு கடத்தப்பட்ட ரிக்கோத்தே என்னும் மொரிஸ்கோ மாறுவேடத்தில் திரும்பிவந்து, எங்கிருந்தாலும் ஸ்பெயினை எண்ணி அழுவதாகச் சொல்கிறான். துரத்தியவரின் மொழியிலேயே துரத்தப்பட்டவரின் கண்ணீர் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஸ்பானிய இலக்கியத்தை உயர்தரப் பாடமாக எடுக்கும் மாணவர்களுக்கு விதிக்கப்பட்ட நூற்பட்டியலில் அந்த ஒன்பதாம் அத்தியாயம் இருக்கிறது. 1482-இல் அல்ஹாமா நகரை இழந்த கிரனாடா சுல்தானின் துயரைப் பாடும் நாட்டுப்பாடலும் இருக்கிறது. டெக்சாஸில் பதினேழு வயதுப் பிள்ளை படிக்கும் நம் வரலாற்றை, நம் பிள்ளை படிக்க வழியில்லை.

வழி முற்றிலும் அடைபட்டுவிடவும் இல்லை. மத்திய வாரியப் பாடத்திட்டத்தில் ஸ்பானியம் ஒரு விருப்ப மொழியாக உண்டு. அதைக் கற்பிக்கும் பள்ளிகள்தாம் அரிது. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஸ்பானியத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே பயிலலாம். இருபது நாடுகளின் அரசு மொழி அது. ஆயினும் பெயரளவில் ஒரு மொழியைப் பட்டியலில் சேர்ப்பதால் பயன் என்ன? நிய்யத்து மாறாவிட்டால் இன்று பிரெஞ்சுக்கு நேர்வது நாளை ஸ்பானியத்திற்கும் நேரும். ‘எளிதில் மதிப்பெண் தரும் மொழி’ என்ற விளம்பரத்தில் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

பிறரைக் குறை கூறி முடித்துவிட்டால் நம் மனச்சான்று நம்மை விடாது. மக்தபில் நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அரபி எழுத்துகளை ஓதுகிறார்கள். ஒலிப்பு முறை பிசகாமல் ஓதுகிறார்கள். பொருள் தெரியாமல் ஓதுகிறார்கள். ஓதுவதற்கு நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் வாசலிலேயே நின்றுவிடுவதற்கு அது காரணமாகலாமா? மேல்நிலை வகுப்பில் அரபியை மொழிப்பாடமாக எடுக்கும் பிள்ளைகளுள்ளும், மார்க்கத்தை அறியும் ஆர்வத்தால் எடுப்போர் எத்தனை பேர், மதிப்பெண்ணுக்காக எடுப்போர் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் இல்லமும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். பிரெஞ்சை ஏணியாக்குவது பிழையென்றால், வேதத்தின் மொழியை ஏணியாக்குவது அதனினும் சிறு பிழை ஆகிவிடுமா? தமிழின் நிலை என்ன? சீறாப்புராணத்தின் பெயரை மேடையில் முழங்கும் நம்முள், அதில் பத்துச் செய்யுளுக்குப் பொருள் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? நம்முடைய இரு மொழிகளிலும் நாமே விருந்தாளிகளாக நிற்கிறோம்.

இனித் தந்தையின் கேள்விக்கு வருவோம். மதிப்பெண் வேண்டாம் என்று நாம் கூறமாட்டோம். பட்டறை வெயிலில் தகடு வெட்டும் மனிதருக்கு மகளின் எதிர்காலம் விளையாட்டன்று. மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர் பாவம் செய்தார் என்றும் நாம் தீர்ப்பளிக்கவில்லை. பலருக்கு அது பிழைப்பின் நெருக்கடி. ஆனால் ஒரு நட்டத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. எழுத்தெழுத்தாக முதலிலிருந்து சொல்லித் தரும் பாடத்தில் நிறை மதிப்பெண் பெற்ற பிள்ளை, கல்வி என்பது உள்ளே நுழையாமல் கடந்துபோவது என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை அது மறப்பதில்லை. நாளை மருத்துவராகி நோயாளி சொல்வதைச் செவிமடுக்காமல் மருந்தெழுதும்போதும், அதிகாரியாகி மனுவைப் படிக்காமல் ஒப்பமிடும்போதும் அப்பாடமே அங்கே வேலை செய்யும். செவிமடுக்கும் பழக்கத்தைக் கற்றுத்தர மொழிப்பாடத்தைவிடச் சிறந்த இடம் பள்ளிக்கூடத்தில் இல்லை. அதைத்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம்.

ஆகவே அன்று சொல்லாத தீர்ப்பை மறுவாரம் நாமக்கல்லுக்கே சென்று சொன்னோம். பள்ளியில் ஸ்பானியம் இல்லை. ஆதலால் பள்ளியில் தமிழையே எடுக்கட்டும், உயர்ந்த நிலை வரை எடுக்கட்டும். தன் மொழியின் ஆழத்தில் இறங்கியவளுக்கே பிறர் மொழியின் ஆழம் புலப்படும். மக்தபில் ஓதும் அரபிக்குப் பொருள் கேட்கத் தொடங்கட்டும். அதுவே ஸ்பானியத்திற்குப் பாதி வழி. ஸ்பானியத்தை வீட்டில், நாளுக்கு அரைமணி, எந்தத் தேர்வுக்கும் இல்லாமல் கற்கட்டும். தேர்வே இல்லாத அந்த அரைமணியில்தான் அவள் நிய்யத்து எதுவென்று அவளுக்கே தெரியும்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. “தமிழில் எத்தனை மார்க்கு குறையும் அண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

“சில மார்க்கு குறையலாம் தம்பி” என்றோம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் மகளைப் பார்த்தார். அவள் தாளில் ‘தமிழ்’ என்று எழுதிவிட்டு, “ஓஹலா, குறையாது அத்தா” என்றாள். அவருக்கு அச்சொல் விளங்கவில்லை. ஆனால் அதற்குள் இருந்த பெயர் அவருக்கு நன்கு தெரிந்த பெயர். ஒப்பமிட்டார்.